கண்ணை யாரிடம் காட்டுவது?

பாளையங்கோட்டையில் வீடு எடுத்துக் குடியிருந்தால் சொந்தக்காரர்களுக்காகச் செய்ய வேண்டிய சில வேலைகள் தானாக வந்து சேரும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சீட்டு எங்கே வாங்குவது என்று வழி சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு அப்புறம் இட்லி கொடுத்து பஸ் ஏற்றிவிட வேண்டும். ஆதார் திருத்தத்துக்கு எந்த ஆபீஸ் என்று விசாரித்து வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சலிப்பில்லாத வேலைதான். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லி போனை வைத்த பிறகும் மனசு ஒப்பாது. "கண்ணுக்கு நல்ல டாக்டர் அங்க யாரு இருக்காவ?" முக்கூடலில் இருந்து கேட்பார்கள், களக்காட்டில் இருந்து கேட்பார்கள், போன வாரம் சுரண்டையில் இருந்து ஒரு மதினி கேட்டாள். ஒரு பேரைச் சொல்லுவேன். அவர்களும் சரி என்பார்கள். ஆனால் கேட்டவருக்குக் கண்ணில் என்ன கோளாறு என்று நானும் கேட்டிருக்க மாட்டேன், அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'நல்ல' என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் கைராசியைத்தான். எங்கள் பக்கம் கண் டாக்டர்களுக்குக் கைராசிப் பேர் கிடைக்கும் விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரிக்கிறார்கள். ஆச்சிக்குச் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது, பேத்தியின் மூக்குத்தி தெரிகிறது, வீட்டில் இத்தனை ஒட்டடை இருந்ததா என்று மருமகளைத் திட்டத் தொடங்குகிறாள். அந்த ஒரு நாள் அதிசயம் தெரு முழுக்கப் பரவுகிறது. அந்த டாக்டர் நல்லவர் என்று முடிவாகிவிடுகிறது. நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கண்ணில் வருகிற பல நோய்களில் கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று தெரிகிற சமாசாரமே கிடையாது. கண் அழுத்த நோய்க்கும் சர்க்கரையால் விழித்திரை கெடுவதற்கும் சரியான ஆளிடம் காட்டினால்கூட, இருக்கிற பார்வை போகாமல் நிற்கும், அவ்வளவுதான். போகாமல் நின்றதைச் சொல்லி யாரும் யாருக்கும் டாக்டரைச் சிபாரிசு செய்து நான் கேட்டதில்லை.

டாக்டருக்குப் பஞ்சம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லவே முடியாது. எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வடமலாபுரம் இப்போது இருக்கிற தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல்தான், அதனால் அவர் பழைய நெல்லை மாவட்டத்து ஆள். அரவிந்தின் திருநெல்வேலிக் கிளை 1988-இல் வந்தது. ஹைகிரவுண்டில் அரசுக் கண் பிரிவு இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகள் ஜங்ஷனில் இருந்து பாளை வரை போர்டு மாட்டியிருக்கின்றன. முகாம் போட்டு பஸ்ஸில் கூட்டிப்போய் லென்ஸ் வைத்துத் திரும்ப ஊரிலேயே இறக்கிவிடுவதை என் சின்ன வயதில் இருந்தே பார்க்கிறேன். பிறகு எங்கேதான் சிக்கல்? வீட்டுக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடிக் கடை, இன்னொன்று மெடிக்கல் ஷாப்.

பெரியத்தை

பெரியத்தைக்கு முக்கூடல். அறுபது தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே பீடி சுற்றுகிறாள். தகட்டை வைத்து இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குகிற அந்த வேலையை இன்றைக்கும் சீரியல் பார்த்துக்கொண்டே செய்வாள். முறம் மடியில் இருக்கும், கண் டிவியில் இருக்கும். அவளுக்குப் பார்வைக் கோளாறு என்று யாராவது சொன்னால் முக்கூடலே சிரிக்கும்.

ஆனால் வேறு சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. வாசற்படியில் கால் தவறியது. பக்கவாட்டில் சைக்கிளில் வந்த பேரன் மேலேயே மோதினாள். கோயில் கொடைக் கூட்டத்தில் தோள் தோளாக இடித்துக்கொண்டே போனதற்கு, "கண்ணு என்ன பெடதியிலயா இருக்கு?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். மாமா கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கம்ப்யூட்டர் பரிசோதனை இலவசம். எழுத்துப் பலகையில் கடைசி வரிசைவரை படித்துவிட்டாள் பெரியத்தை. தூரப் பார்வை பிரமாதம், கிட்டப் பார்வைக்கு நம்பர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்த மெஷின் கண்ணாடி நம்பரைத்தான் அளக்கும், அதைச் சரியாக அளந்தது. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து நம்பர் ஏறுவதும் இயற்கைதான். கண்ணாடி வந்தது, படி மட்டும் தவறிக்கொண்டே இருந்தது. இன்னொரு கடை, இன்னொரு கண்ணாடி.

அரசல் புரசலாக இது என் காதுக்கு வந்தபோது அவர்கள் கேட்டதும் அதே கேள்விதான், நல்ல டாக்டர் யாரு என்று. பாளையில் வீட்டு மாடியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பெரிய போர்டு கிடையாது. சாயங்காலம் மட்டும் பார்ப்பார். எங்கள் தெருவில் அவருக்குக் கைராசிக்காரர் என்ற பேரும் கிடையாது. நிதானமாகப் பார்ப்பார் என்பதால் லேட் ஆகும் என்ற பேர்தான் உண்டு.

பெரியத்தை நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தம்மா பலகையைப் படிக்கச் சொல்லவில்லை. முதலில் கேட்ட கேள்வி இது: "கண்ணுக்கு என்ன மருந்து ஊத்துறீங்கம்மா?"

"ஒண்ணும் ஊத்தல டாக்டரம்மா."

"எதுவுமே இல்லையா? எப்பவாவது எரிச்சலுக்கு, அரிப்புக்கு?"

"அது மருந்தா? அது சும்மா அரிப்புக்குலா ஊத்துதேன்." இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். வெற்றிலை, ஒரு துண்டு பாக்கு, மடித்த பத்து ரூபாய், அதன் நடுவில் சின்ன பிளாஸ்டிக் புட்டி. ஒட்டியிருந்த காகிதம் சுண்ணாம்பு பட்டுப் பாதி அழிந்திருந்தது. டாக்டரம்மா அதை விளக்குக்குக் கீழே பிடித்து, லென்ஸை வைத்துப் படித்தார். காகிதத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்குப் போடுகிற கோடு அது. எவ்வளவு நாளாக என்று கேட்டார். பெரியத்தை யோசித்து, "முந்தி மெட்ராஸ் ஐ வந்துச்சுல்லா, அப்ப கடையில குடுத்தாவ. ஊத்துனா சிவப்பு பட்டுனு போயிரும். பீடித் தூளு கண்ணுல படப் படத் தீர்ந்ததும் வாங்கிக்கிடுவேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதையே வாங்கிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னாள்.

எத்தனை வருஷமாகச் சொட்டு போட்டிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு ஆன்டிபயாட்டிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த சொட்டு அது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், அதனால்தான் கடைக்காரருக்கும் நல்ல பேர். ஆனால் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண்புரையையும் சீக்கிரம் கொண்டுவரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, உறுத்தாது, கண் சிவக்காது. மூளைக்குப் பார்வையைக் கொண்டுபோகும் நரம்பை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும், நேர்ப் பார்வை கடைசியில் போகும். பெரியத்தைக்குப் பலகையும் முறமும் தெரிந்து படியும் சைக்கிளும் தெரியாமல் போனதன் கணக்கு இதுதான்.

டாக்டரம்மா நீல வெளிச்சம் உள்ள மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி அழுத்தம் பார்த்தார். சாதாரணமாகப் பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10-இல் இருந்து 21-க்குள் இருக்க வேண்டியது, இரண்டு கண்ணிலும் முப்பதைத் தாண்டியிருந்தது. பிறகு கண்மணியை விரிக்கும் சொட்டைப் போட்டு வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்காரவைத்தார். அது விரிந்ததும் உள்ளே கூப்பிட்டு லென்ஸைக் கையில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நரம்பின் நடுவில் உள்ள குழி பெரிதாகிவிட்டது என்று ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம். "இந்தப் புட்டிய இன்னையோட நிறுத்திரணும். இத நானே வச்சுப் பாக்கலாம். ஆனா ஃபீல்டு டெஸ்ட் மெஷின் என்கிட்ட இல்ல, ஆபரேஷன் தேவைப்பட்டாலும் இங்க பண்ண முடியாது. கிளாக்கோமாவுக்குன்னே, அதான் இந்தக் கண் அழுத்த நோய்க்குன்னே, பிரிவு இருக்குற ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தாரேன். தள்ளிப் போடாதீங்க, நாளைக்கே போயிருங்க." இரண்டு பக்கத்துக்கு அழுத்தம், நரம்பின் படம், புட்டியின் பேர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படி இறங்கும்போது பெரியத்தை சொன்னது: "இந்தம்மாவுக்குத் தெரியாமத்தான வேற எடத்துக்குத் தள்ளுது. இதுக்கு எதுக்குல பீஸு?"

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு நிற்கிறது. அவளுக்குக் கண்ணாடி விற்ற எல்லாரும் ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சொட்டு கொடுத்தவர் கொடுத்த மாத்திரத்தில் சிவப்பைப் போக்கினார். கண்ணுக்குள் பார்த்து, புட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, எனக்கு இதற்கு மேல் வசதியில்லை என்று சொன்ன ஒரே ஆள்தான் தெரியாத டாக்டர் ஆகிவிட்டார். எங்கள் ஜனங்களின் தராசு அப்படி. "அவரு ஏலாதுன்னு கையை விரிச்சுட்டாரு" என்பது எங்கள் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லும் கெட்ட வார்த்தைகளில் ஒன்று. என்னைக் கேட்டால், காலாகாலத்தில் கையை விரிக்கத் தெரிந்த டாக்டரைத்தான் முதலில் தேட வேண்டும்.

பொய் சொல்லுகிற மெஷின்

பெரிய ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட் என்று ஒன்று எடுத்தார்கள். இருட்டு அறையில் ஒரு கண்ணை மறைத்து, கிண்ணம் போன்ற மெஷினுக்குள் தலையை வைத்து நடுவில் இருக்கும் வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது சின்னதாகப் பொட்டு மின்னினால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். பெரியத்தை ஒரு கண்ணிலேயே சோர்ந்துவிட்டாள், நடுவில் தூங்கியும் இருக்கிறாள். முதல் தடவை பலருக்கும் அப்படித்தான், இன்னொரு நாள் எடுக்கலாம் என்றார்கள். திரும்ப எடுத்த தாளில் இரண்டு கண்ணிலும் ஓரம் கறுப்பாக இருந்தது. "மின்னவே இல்லியே. பொய் சொல்லுது மெஷினு" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பார்வை போன இடத்தில் கறுப்பாக ஒன்றும் தெரியாது, மூளை சுற்றியுள்ளதை வைத்து அதை நிரப்பிக்கொள்ளும். இல்லாதது இல்லை என்றே தெரியாது.

மருந்து எழுதுவதற்கு முன்னால் அங்கே இருந்த டாக்டர் இளைப்பு உண்டா என்று கேட்டார். கண்ணுக்கும் இளைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியத்தை என்னைப் பார்த்தாள். கண் அழுத்தத்துக்கு அதிகம் எழுதப்படும் டிமோலால் சொட்டு, கண்ணில் இருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இறுக்கிவிடும். வாழ்நாள் முழுக்கப் பீடித் தூளோடு இருந்தவளுக்கு இளைப்பு இல்லாமல் இருக்குமா? அதனால் லட்டனோபிராஸ்ட் என்ற வேறு சொட்டை எழுதினார். ராத்திரி ஒரு சொட்டு. போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிஷமாவது விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்காது. திறக்காத புட்டி குளிரில் இருக்க வேண்டும். பெரியத்தை வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில், மாவு டப்பாவுக்குப் பின்னால், மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு அவளுடைய மருந்துக்கும் இடம் கிடைத்தது. வாங்கி வைத்த புட்டி தீருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரியும் தன்னுடைய பழைய சொட்டைக் குப்பையில் போட்டாள் என்று கேள்வி. அது ஒன்றே எனக்குப் பெரிய லாபம். (லட்டனோபிராஸ்ட் போட்டால் இமை முடி நீளமாகவும் அடர்த்தியாகவும் வளரும். இந்த வயதில் இது வேறயா என்று மாமா கேலி செய்கிறார்.)

அழுத்தம் இறங்கிவிட்டது. போன பார்வை வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பெரியத்தைக்கு அது மனசில் ஏறவில்லை. மாசம் தவறாமல் மருந்து வாங்குகிறோம், ஒன்றும் தெளியவில்லையே என்கிறாள். இடையில் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடுவதாகவும் நேர்ந்துகொண்டாள். அதற்கு நானும் கூடப் போனேன். சொட்டையும் விடாதே அத்தை என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

திருப்பிக் கேட்பது

இப்போதெல்லாம் போன் வந்தால் நான் பேரைச் சொல்வதில்லை, என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர்களுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பதிலைப் பொறுத்து போகவேண்டிய இடமும் வேகமும் மாறிவிடுகின்றன. தாத்தாவுக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வருகிறது என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அது பெரும்பாலும் கண்புரை முற்றும்போது லென்ஸின் நடுப்பகுதி இறுகி நம்பர் மாறுவதால் வருவது. அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். கண்புரை ஆபரேஷன் நாள்தோறும் நிறைய நடக்கிற எந்த இடத்துக்கும் போகலாம். பிசான அறுப்பில் கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் அடித்துவிட்டது என்றால் கதையே வேறு. கருவிழியில் கீறல் பட்டுப் பூஞ்சைக் கிருமி உள்ளே போய்ப் புண்ணாகும். அதில் தாய்ப்பால் விடுவதும், நாக்கால் தூசி எடுப்பதும், பெரியத்தையின் புட்டி மாதிரி ஒன்றை ஊற்றுவதும் கண்ணையே கொண்டுபோய்விடும். புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்ன கிருமி என்று பார்க்கிற வசதி உள்ள இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் பிள்ளையின் கண்ணில் வெடித்துவிட்டது என்று ஒரு தடவை அழுகுரலில் போன் வந்தது. அப்போது டாக்டர் பேரைக் கேட்பதே தப்பு. முதலில் குழாயடியில் நிறுத்தி நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் ஆட்டோ. மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிகிறது, ஓரத்தில் திரை இறங்குகிறது என்றால் அது விழித்திரை பிய்ந்துவருவதாக இருக்கலாம். அதில் நாள் கடத்தினால் ஆபரேஷன் செய்தும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

சண்டையில் போய் முடிவது பிள்ளைகளின் மாறுகண் விஷயம்தான். அது அதிர்ஷ்டம் என்று ஆச்சிமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். விலகிய கண்ணை மூளை உபயோகிப்பதை நிறுத்திவிட்டால், ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதைப் பழக்குவது கஷ்டம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிக் கட்டிவைத்துச் சரிசெய்வதெல்லாம் அதற்கு முன்னால்தான் நன்றாக நடக்கும். சுரண்டை மதினியின் மகனுக்கு நாலு வயது. பெரியவனானதும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குள் ஒரு கண் வேலை செய்யாமல் போய்விடும், பிறகு நேராக்கினாலும் அழகுக்குத்தான் ஆகும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டிருப்பதாக வேறு வழியில் செய்தி வந்தது.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கும் நாற்பது தாண்டியவர்களுக்கும் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தார்களா? அழுத்தம் அளந்தார்களா? அந்த எண்ணைச் சீட்டில் எழுதினார்களா? விரிக்கும் சொட்டு போட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும், அதனால் பைக்கில் தனியாகப் போகக் கூடாது, ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் பாதிப் பேர் அந்தச் சொட்டை வேண்டாம் என்பதே இதனால்தான். வேலை கெட்டுப்போகும் என்பார்கள். ஒரு நாள் பீடி குறைந்தால் அந்த வாரக் கூலி குறைகிறது என்பதும் நிஜம்தானே. டாக்டர்களும் சில இடங்களில் கூட்டத்தைப் பார்த்து இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொட்டு போடாமலே உள்ளே பார்த்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால், பார்த்தது எவ்வளவு என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அம்மா அப்பாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், புட்டிதான் காரணம் என்று நினைத்து விட்டுவிடாமல் எல்லாரும் வந்து காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் அப்பா போய்ப் பார்த்துக்கொண்டார், ஒன்றுமில்லை. பெரியத்தை மகள் தீபாவளிக்கு வந்தபோது பார்த்துக்கொண்டாள். வீரவநல்லூர்ச் சின்னத்தைதான் மசியமாட்டேன் என்கிறாள். நேற்றும் போன் போட்டேன்.

"எனக்கு என்னல, ஊசியில நூல் கோக்கேன்."

"அக்காவும் பீடியில நூல் கட்டிட்டுத்தான் இருந்தா அத்தை."

"அவளுக்கே அங்க போயி ஒண்ணும் தெளியலங்கா. நான் எதுக்கு வரணும்? மொதல்ல நல்ல டாக்டரா ஒருத்தர விசாரிச்சு வையி, அறுப்பு முடியட்டும், பாப்போம்."